லீப் நொடியை நிறுத்துவது சரிதான், ஆனால் கணக்கை இப்போதே எழுதி வைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பூமி வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றுகிறது, நாள் சுருங்குகிறது, உலகக் கடிகாரங்களில் ஒரு நொடியைக் குறைக்க வேண்டி வரலாம் என்று போன வாரம் உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். செய்தியில் தப்பில்லை. ஆனால் தலைப்பை மட்டும் பார்த்தவர்களுக்கு அது பயத்தைத்தான் கொடுத்திருக்கிறது. அன்றைக்கு எங்கள் ஊர் பேக்கரியில் டீ குடிக்க வந்தவர்களில் பாதிப் பேர் இதைத்தான் பேசினார்கள். "ஏனுங்கண்ணா, பூமி வேகமாச் சுத்துதாமா, நெலநடுக்கம் ஏதாச்சும் வருமுங்களா?" என்று ஒரு தம்பி நிஜமாகவே கவலையோடு கேட்டார். ஒன்றும் ஆகாது என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம்தான், எனக்கு மனசு வரவில்லை. நூற்பாலையில் மின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடிகாரம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளுக்கு 86,400 நொடி. 2024 ஜூலை 5 அன்று பூமி தன் ஒரு சுற்றை இதைவிட 1.66 மில்லி நொடி முன்னதாக முடித்தது. ஒரு நொடியை ஆயிரமாகப் பங்கு போட்டால் அதில் ஒன்றரைப் பங்கு சொச்சம். கண் சிமிட்டும் நேரத்தில் இதைப் போலப் பல மடங்கு ஓடிவிடும். இதனால் நிலநடுக்கம் வராது. சொல்லப்போனால் விஷயம் நேர்மாறு, நிலநடுக்கம்தான் பூமியின் சுழற்சியைத் துளி மாற்றும். 2004-இல் சுனாமியைக் கொண்டுவந்த சுமத்ரா நிலநடுக்கம் நாளின் நீளத்தை 2.68 மைக்ரோ நொடி குறைத்திருக்கும் என்று நாசா விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். மைக்ரோ என்றால் பத்து லட்சத்தில் ஒன்று. அவ்வளவு பெரிய நிலநடுக்கத்துக்கே அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் வேகம் மாறுகிறது என்றால், காற்றும் ஒரு காரணம். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளை எப்படிச் சுற்றுகிறது என்று நமக்குத் தெரியும். அந்த ஒரு கணவாய்க் காற்றைச் சொல்லவில்லை, உலகம் முழுக்க வீசும் காற்றின் கூட்டுக் கணக்கைச் சொல்கிறேன். காற்று மண்டலம் கிழக்கு நோக்கி வேகமாக ஓடினால் பூமி அந்த அளவுக்கு மெதுவாகும், காற்று தளர்ந்தால் பூமி வேகம் பிடிக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வடகோளத்து மேல்காற்று தளர்ந்திருப்பதால் அப்போது நாள் கொஞ்சம் குட்டையாக இருப்பது வருடா வருடம் நடப்பதுதான். அதற்கு மேல் பூமியின் உள்ளே திரவமாக இருக்கிற உலோகக் கருவும் தன் போக்கில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது.

ஆனால் நீண்ட காலக் கணக்கில் பூமி மெதுவாகிக்கொண்டுதான் வருகிறது. நிலா கடலை இழுப்பதால் வரும் அலை ஏற்ற இறக்கம் பூமியின் சுழற்சிக்குப் பிரேக் போடுகிறது, அந்த விசையை வாங்கிக்கொண்டு நிலா வருடத்துக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது. ஒரு நூற்றாண்டுக்கு நாள் இரண்டு மில்லி நொடிக்குச் சற்றுக் குறைவாக நீள்கிறது. இதற்கு ஆதாரம் களிமண் பலகையில் இருக்கிறது. கி.மு. 136 ஏப்ரல் 15 அன்று பாபிலோனில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்ததை அங்கிருந்தவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பூமி இன்றைய வேகத்திலேயே அன்றும் சுற்றியிருந்தால் அந்த நிழல் பாபிலோனில் விழுந்திருக்கவே முடியாது, அதற்கு வெகு மேற்கே விழுந்திருக்கும். மில்லி நொடி மில்லி நொடியாகச் சேர்ந்து இரண்டாயிரம் ஆண்டுகளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். சின்னக் கணக்கு சேர்ந்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன், பின்னால் இது வேண்டும்.

இப்போது லீப் நொடிக்கு வருகிறேன். 1967-இல் நொடி என்பதைச் சீசியம் அணுவை வைத்து வரையறுத்தார்கள். அந்த அணு நொடியின் அளவு பத்தொன்பதாம் நூற்றாண்டு நாளின் நீளத்தை ஒட்டி அமைந்துவிட்டது. பூமி அதற்குள் கொஞ்சம் மெதுவாகிவிட்டதால் நம் நாள் அணு நொடிக் கணக்கில் 86,400-க்கு ஒன்றிரண்டு மில்லி நொடி அதிகமாக நீண்டது, அது தினமும் சேர்ந்து சேர்ந்து ஒன்றிரண்டு வருடத்தில் ஒரு நொடியாகிவிடும். பூமி வருடத்துக்கு ஒரு நொடி மெதுவாகிறது என்று பலர் தப்பாக நினைப்பது இங்கேதான். மெதுவாவது மிகக் கொஞ்சம், சேர்வதுதான் அதிகம். அந்தச் சேர்ந்த கணக்கை நேர்செய்ய 1972 முதல் கடிகாரத்தில் அவ்வப்போது ஒரு நொடியைச் சேர்த்துவந்தார்கள், அதுதான் லீப் நொடி. எப்போது சேர்ப்பது என்பதைப் பாரிஸ் வானாய்வகத்தில் இருக்கும் பூமிச் சுழற்சிக்கான சர்வதேசச் சேவை அறிவிக்கும். இதுவரை 27 முறை. கடைசியாக நம் நாட்டில் 2017 ஜனவரி 1 காலை 5 மணி 29 நிமிடம் 59 நொடிக்கு அடுத்து 60 என்று ஒரு நொடி வந்தது, அதற்குப் பிறகுதான் 5.30 ஆனது. மார்கழி மாதம், வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த யாருக்கும் தெரியாது.

மனுசருக்குத் தெரியவில்லை, எந்திரத்துக்குத் தெரிந்தது. 60 என்ற நொடியே கிடையாது என்று நினைத்துத்தான் பெரும்பாலான மென்பொருள் எழுதப்பட்டிருக்கிறது. 2012 ஜூன் 30-இல் சேர்த்தபோது லினக்ஸ் சர்வர்கள் பல திணறி நின்றன, ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் விமான நிறுவனத்தில் பயணிகளைக் கையால் எழுதிப் பதிவு செய்ய வேண்டி வந்தது. 2017-இல், இணையதளங்களுக்குச் சேவை தரும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் கணினிகளில் ஒரு கணக்கு எதிர்மறையாகிப் போய்ச் சில தளங்களின் முகவரி தேடல் தோற்றது. கூகுள் இந்தத் தலைவலி வேண்டாமென்று அந்த ஒரு நொடியை ஒரு நாள் முழுக்கத் தூவி விடுகிறது. மற்றவர்கள் தங்கள் வழியில் வேறு மாதிரி செய்கிறார்கள். விளைவு என்ன? எல்லாக் கடிகாரமும் ஒன்றாக இருக்கத்தான் இந்த ஏற்பாடே, அந்த நாளில் மட்டும் ஆளுக்கொரு நேரம்.

இதைவிட எனக்கு நேரடியாகப் பட்டது ஜி.பி.எஸ். நேரம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் லீப் நொடியைச் சேர்ப்பதில்லை, 1980-இல் தொடங்கியதிலிருந்து ஒரே சீராக ஓடுகின்றன. அதனால் அது இப்போது உலக நேரத்தைவிட 18 நொடி முந்தி இருக்கிறது. வாங்கும் கருவி அந்த 18-ஐக் கழித்துக் காட்ட வேண்டும். நான் வேலை பார்த்த மில்லில் கண்ட்ரோல் ரூமில் ஒரு ஜி.பி.எஸ். கடிகாரப் பெட்டி வைத்தார்கள். பொருத்த வந்தவர் அந்தக் கழித்தலைப் போடாமலே போய்விட்டார். பேனல்களில் இருந்த ரிலே (கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும் கருவி), எனர்ஜி மீட்டர் எல்லாம் அந்தப் பெட்டியிடமிருந்து நேரம் வாங்கின, கணினியும் டேட்டா பதிவும் இன்டர்நெட்டிலிருந்து வாங்கின. 18 நொடிதானே, சுவர்க் கடிகாரத்தில் யார் பார்க்கிறார்கள்? ஒரு நாள் மதியம், வெளியிலிருந்து மில்லுக்கு மின்சாரம் வரும் இன்கமிங் பிரேக்கர் ட்ரிப் ஆகி மில் மொத்தமும் இருட்டாகிவிட்டது, ஸ்பிண்டில் எல்லாம் நின்று நூல் அறுந்து கிடக்கிறது. எங்கள் மிஷின் பழுதாகி லைனை இழுத்ததா, லைனில் கோளாறு வந்து எங்களை நிறுத்தியதா என்பதுதான் கேள்வி. எங்கள் கணினிப் பதிவில் மோட்டாரை ஓட்டும் டிரைவ் நின்றது முதலில், ரிலே ட்ரிப் பின்னால். அதை மட்டும் பார்த்தால் தப்பு எங்கள் மேல். ரிலேயின் நேரத்தில் 18 நொடியைக் கழித்தால் வரிசையே தலைகீழ், தப்பு எங்கள் மேல் இல்லை. அதைக் கண்டுபிடிக்கும் வரைக்கும் அந்த ஷிப்டு எலக்ட்ரீசியன் பட்ட பாடு எனக்குத் தெரியும், அவர் மேல்தான் எல்லோரும் பாய்ந்தார்கள்.

மின் கட்டமைப்பில் ஒரு கோளாறின் காரணத்தைத் தேடும்போது மில்லி நொடி வரிசை முக்கியம். 2003-இல் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து இருண்டபோது, விசாரணைக் குழுவுக்குப் பெரிய வேலையே பல நிறுவனங்களின் பதிவுகளில் இருந்த ஒத்துப்போகாத நேரங்களை ஒன்றோடு ஒன்று பொருத்துவதுதான். நம் தென்மாநில மின் கட்டமைப்பு 2013 டிசம்பர் 31-இல் நாட்டின் மற்ற பகுதிகளோடு இணைந்தது. இன்றைக்கு உடுமலையில் காற்று கூடினால் அதன் கணக்கு நாடு முழுக்க 15 நிமிடப் பகுதி பகுதியாகப் போகிறது. இங்கே நேரத்தில் குளறுபடி கூடவே கூடாது.

ஆகவே லீப் நொடியை நிறுத்த வேண்டும் என்று 2022 நவம்பரில் பிரான்சின் வெர்சாயில் கூடிய எடைகள் அளவைகள் பொதுமாநாடு முடிவெடுத்தது சரி என்பது என் உறுதியான கருத்து. பூமியின் நேரத்துக்கும் அணு நேரத்துக்கும் இடையே இப்போது அனுமதிக்கிற வித்தியாசம் 0.9 நொடி. 2035-க்குள் அந்த வரம்பைப் பெரிதாக்கிவிடுவார்கள், அதற்குப் பிறகு குறைந்தது நூறு ஆண்டுக்கு நேரம் தடங்கலில்லாமல் ஓட வேண்டும் என்பது ஏற்பாடு. சேர்ப்பதற்கே இவ்வளவு பாடு என்றால், பூமி வேகம் பிடித்திருப்பதால் ஒரு நொடியைக் கழிப்பது என்ற பேச்சு இப்போது வந்திருக்கிறது, அதை இதுவரை யாரும் செய்து பார்த்ததில்லை. துருவப் பனி உருகி நீர் நிலநடுக்கோட்டுப் பக்கம் பரவுவதால், கையை விரித்துக்கொண்டு சுற்றுகிறவன் வேகம் குறைவதைப் போல பூமி சற்று மெதுவாகிறது, அது மட்டும் இல்லையென்றால் கழிக்கும் தேவை இன்னும் சீக்கிரம் வந்திருக்கும், இப்போது 2029 வாக்கில் வரலாம் என்று டங்கன் அக்னியூ என்ற அறிவியலாளர் 2024-இல் நேச்சர் இதழில் எழுதினார். சோதித்துப் பார்க்காத ஒன்றை உலகத்தின் எல்லாக் கணினியிலும் ஒரே நேரத்தில் செய்து பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சூரியனை விட்டுக் கடிகாரம் விலகிவிடுமே என்று கேட்பவர்களுக்கு நம் ஊர்க் கணக்கையே சொல்கிறேன். இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு உரியது, உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் பக்கம் போகிற கோடு. கோயம்புத்தூர் இருப்பது 77 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம் நம் சூரியன் கடிகாரத்தைவிட 22 நிமிடம் பின்தங்கித்தான் வருகிறது. பல்லடத்தில் 21, ஈரோட்டில் 19. நம்பாதவர்கள் வாசலில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு நிழலைக் குறித்துக்கொண்டே வாருங்கள். நிழல் மிகக் குட்டையாவது 12 மணிக்கு இருக்காது. கோயம்புத்தூரில் பிப்ரவரி நடுவில் அது 12.36 வாக்கிலும், நவம்பர் தொடக்கத்தில் 12.06 வாக்கிலும் வரும், சராசரி 12.22. பூமி சூரியனைச் சுற்றும் பாதை முழு வட்டமில்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் மாதத்துக்கு மாதம் இந்த வித்தியாசம். 22 நிமிடம் என்றால் ஏறக்குறைய ஒரு நாழிகை. 1906 ஜனவரி 1-இல் இந்திய நேரம் வந்ததிலிருந்து இந்த நாழிகை நம்மோடு இருக்கிறது. அதற்கு முன் ரயிலுக்கு இருந்த மதராஸ் நேரம்கூட இதைவிட 9 நிமிடம்தான் பின்னால். மில் சங்கு ஊதினால் அதுதான் நேரம் என்று பகல் ஷிப்டு, அரை நைட், முழு நைட் எல்லாம் இந்த நேரத்தில்தான் ஓடின, யார் வயிறும் பசி தப்பவில்லை. ஒரு நொடி ஒரு நொடியாகச் சேர்ந்து ஒரு நிமிடமாக ஐம்பது முதல் நூறு ஆண்டு ஆகும். அதற்காக வாழ்க்கை ஒன்றும் கெட்டுவிடாது.

சரி, அப்படியானால் எதற்கு இந்தக் கடிதம் என்றால், நிறுத்துவதோடு விட்டுவிடுவார்களோ என்பதுதான் என் கவலை. புதிய வரம்பு எவ்வளவு, ஒரு நிமிடமா, ஒரு மணியா, அது எட்டும்போது யார் சரிசெய்வது, எத்தனை வருடம் முன்னால் சொல்வது என்பதை 2022-இல் முடிவு செய்யவில்லை, 2026-இல் கூட வேண்டிய 28-ஆவது மாநாட்டுக்கு விட்டார்கள். பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று பேசுகிற அறிஞர்களும் இருக்கிறார்கள். பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்ளவே மாட்டார்கள் என்பதற்கு நம் பஞ்சாங்கமே சாட்சி.

சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. நாம் உத்தராயணம் கொண்டாடுவது தை முதல் நாள், ஜனவரி 14 அல்லது 15. கிட்டத்தட்ட 24 நாள் வித்தியாசம். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் வந்தன. பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால் எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் நழுவிக்கொண்டே வந்திருக்கிறது. எந்தத் தலைமுறைக்கும் அது தன் காலத்தில் ஒரு நாள்தான், அதனால் எந்தத் தலைமுறையும் கை வைக்கவில்லை. 1952-இல் மேக்நாத் சாகா தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைத்தார்கள், வானியலில் உலகம் மதித்த மனிதர் அவர், பருவத்தோடு பொருந்துகிற தேசிய நாட்காட்டியைக் கொடுத்தார்கள், 1957 மார்ச் 22 முதல் அது அமலிலும் இருக்கிறது. அரசு கெசட்டில் இருக்கிறது, வானொலி அறிவிப்பில் இருக்கிறது. நம் வீட்டில் இருக்கிறதா? அதன்படி ஒரு கல்யாணம், ஒரு கிடாவெட்டு நடந்திருக்கிறதா? நாள் கடந்தபின் வந்த திருத்தத்தை, அது எவ்வளவு சரியாக இருந்தாலும், ஜனங்கள் ஏற்கவில்லை.

பஞ்சாங்கம் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டாகப் பிரிந்ததும் இதே கதைதான். பழைய வாய்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டவர்கள் ஒரு பக்கம், வானத்தைப் பார்த்து எண்ணைத் திருத்தியவர்கள் ஒரு பக்கம். திருக்கணிதப்படி 2025 மார்ச் 29-இல் சனிப்பெயர்ச்சி. திருநள்ளாறு கோயில் வாக்கியப்படி நடப்பதால் தங்களுக்கு 2026-இல்தான் என்று அறிவித்தது. எங்கள் பக்கமிருந்து பஸ் ஏறிப் போக நினைத்தவர்கள் எந்தத் தேதி என்று தெரியாமல் குழம்பியதை எல்லோரும் பார்த்தோம். எது சரி என்று நான் சொல்ல வரவில்லை, இரண்டு பக்கமும் நம்பிக்கையோடு செய்கிறார்கள். திருத்தும் முறையையும் திருத்தும் ஆளையும் ஆரம்பத்திலேயே எல்லோரும் ஒத்துக்கொண்டு எழுதி வைத்திருந்தால் ஒரே வானத்துக்கு இரண்டு தேதி வந்திருக்காது.

அதனால்தான் கேட்கிறேன். நம் நாட்டின் நேரத்தை அணுக் கடிகாரங்களால் காத்துவருவது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அவர்களும் மத்திய அரசும் இந்தச் சர்வதேசக் கூட்டங்களில் லீப் நொடியை நிறுத்த ஆதரவு கொடுப்பதோடு, புதிய வரம்பு ஒரு எண்ணாக எழுதப்பட வேண்டும், அதை எட்டும்போது செய்ய வேண்டியது என்ன என்பது இப்போதே முடிவாக வேண்டும், சரிசெய்வதற்குப் பத்து இருபது ஆண்டு முன்னால் அறிவிப்பு வர வேண்டும் என்று அழுத்திக் கேட்க வேண்டும். என்னைக் கேட்டால் வரம்பு ஒரு நிமிடம் போதும். ஒரு மணி என்று வைத்தால் அதை எட்டுவதற்குள் பல நூறு ஆண்டு ஓடி, கேட்பாரில்லாமல் போய்விடும். பூமியின் நேரத்துக்கும் கடிகாரத்துக்கும் இன்றைக்கு எவ்வளவு வித்தியாசம் என்பதை பாரிஸ் சேவை தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. அந்த எண்ணை நம் ஆய்வகமும் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் போட வேண்டும், பஞ்சாங்கம் கணிப்பவர்களுக்கும் அது பயன்படும்.

மில்களிலும் காற்றாலைகளிலும் வேலை பார்க்கிற தம்பிகளுக்கும் ஒன்று. உங்கள் கண்ட்ரோல் ரூமில் ஜி.பி.எஸ். பெட்டி இருந்தால் ஒரு கைபேசியைப் பக்கத்தில் வைத்து நொடியை ஒப்பிட்டுப் பாருங்கள். 18 நொடி முந்தினால் உடனே அமைப்பை மாற்றச் சொல்லுங்கள், ட்ரிப் ஆகும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சூரிய உதய நேரத்தைச் சென்னைக்கு மட்டும் போடுவது இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு உதவாது, ஒரே கடிகாரத்தில் கோவைச் சூரியன் சென்னைச் சூரியனைவிட 13 நிமிடம் பின்னால் உச்சிக்கு வருகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு பதிப்புகளில் அந்தந்த ஊரின் உதயம், உச்சி, அஸ்தமனம் மூன்றையும் தினமும் தனித்தனியாக அச்சிடுங்கள். மூன்று வரிகள்தான், ராசிபலனுக்குக் கீழே இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நூற்பாலை மின் பராமரிப்பாளர்,
பல்லடம்.